இரணைமடுக் கட்டில் இராநடை

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராதலின் தமிழின் தொன்மை பற்றியோ கல்லூரியின் வளர்ச்சி பற்றியோ எழுதலாமென வழியும் காட்டினர். தமிழின் தொன்மை பற்றி எழுதுவார் பலர் உளர். கல்லூரியின் வளர்ச்சியை அதிபரவர்களின் அறிக்கை நன்கு எடுத்துரைக்கும். ஆதலின், யாம் சில ஆண்டுகளாக மாணவரோடு இரவிலே நடந்துவரும் நடையொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். தமிழின் தொன்மையும் அதனுள் ஓரளவு வந்துவிடுதலின் சங்கத்தார் பொறுத்தருள்வர்.

செயல் மிக எளியது. மழை ஓய்ந்த மாதங்களில், அமாவாசையை அண்டிய சனிக்கிழமைகளிலே, உயர்தர வகுப்பு மாணவர் இருபதின்மருக்கு மேற்படாத ஒரு குழு, பெற்றார் சிலரும் உடன்வர, இரணைமடுக் கனகாம்பிகை அம்பாள் ஆலயத்தருகே மாலையிற் கூடும். அம்பாளை வணங்கியபின் குளக்கட்டில் ஏறி அரைமணி நேரம் நடப்போம். ஊர் வெளிச்சம் கண்ணிற் படாத ஓரிடத்திலே பாய் விரித்து அமர்ந்து வானத்தைப் பார்ப்போம். ஒன்பதரை மணியளவில் மீள்வோம். பெரிய தொலைநோக்கி எம்மிடம் இல்லை. இருகண்ணாலும் பார்க்கத்தக்க சிறிய தொலைநோக்கியொன்றைப் பழைய மாணவரொருவர் தந்துள்ளார். அஃது இருபது கைகளில் மாறிமாறிச் செல்லும்.

2019 திசெம்பர் 26ஆந் திகதி கங்கண சூரிய கிரகணம் வடபுலத்திலே தெரிந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அன்று மாணவரும் பெற்றாரும் ஒருமிக்க வானத்தை அண்ணாந்து நோக்கியது கண்டபோதே இவ்வெண்ணம் எமக்கு உதித்தது. அதன்பின் பெருந்தொற்று வந்து ஈராண்டைக் கொண்டுபோயிற்று. நடை தொடங்கியது 2022இலே. எரிபொருளின்றி நாடு தவித்து, மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்ட ஆண்டு அது. வேறு யாருக்கும் நன்மை செய்யாத அம்மின்வெட்டு எமக்கு மாத்திரம் ஒரு நன்மை செய்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மேலைநாடுகளில் இத்தகைய நடைகள் பூங்காக்களிலே முறையாக நடைபெறுகின்றன. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துப் பிரைஸ் கன்யன் பூங்காவிலே காவலர் முன்சென்று வழிகாட்ட மக்கள் இரவில் நடக்கின்றனர். முழுநிலா நடைக்கு விரும்புவோர் தொகை மிகுதலின் சீட்டுக் குலுக்கி ஆள் தெரிகின்றனராம். அதே மாநிலத்து நச்சுரல் பிரிட்ஜஸ் என்னும் இடம் 2007இல் உலகின் முதலாவது இருள்வான் பூங்காவெனச் சான்று பெற்றது. நமக்கு அணித்தாக, மகாராட்டிரத்துப் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024இல் இந்தியாவின் முதலாவது இருள்வான் பூங்காவாயிற்று. மலையும் நீரும் மரமும் போல இருளும் காக்கத்தக்கதொரு செல்வமென்று உலகம் இப்போது கருதத் தொடங்கியுள்ளது. வன்னியில் அச்செல்வத்துக்கு ஒருகாலத்திற் குறைவிருக்கவில்லை. அதனைச் செல்வமென்று கருதுவார்தாம் இருந்ததில்லை.

எமது நிலத்திலும் பூங்கா உண்டு. 1938இற் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம், 2015இலே தேசியப் பூங்காவாயிற்று. ஆயின் இந்நாட்டுத் தேசியப் பூங்காக்கள் காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடப்படுவன. அவ்விதியை யாம் குறைகூறோம். பகலெல்லாம் மனிதனுக்கு வழிவிட்டு ஒதுங்கிய விலங்குக்கு இரவாவது வேண்டும். அன்றியும், பூங்காவுள் நுழையாமலே அதற்குச் செல்லும் நீரின் ஓரமாக நாம் நடக்கலாம். தெற்கிலிருந்து வரும் கனகராயன் ஆறு இரணைமடுவிலே தேங்குகின்றது. மாரியிற் குளம் நிரம்பி வான்கதவு திறக்குமாயின், வழியும் நீர் வடக்கே ஓடிச் சுண்டிக்குளக் கடனீரேரியிலே சேரும். யாம் அந்நீரின் அணைக்கட்டில் நடக்கின்றோம்; உரிய இடங்களில் முன்னதாக அனுமதியும் பெற்றுக்கொள்கின்றோம்.

"வாகனத்தில் ஏற்றிச்சென்று இறக்கிவிட்டால் என்ன? பிள்ளைகளை ஏன் இருட்டில் நடத்துகிறீர்கள்?" என்று பெற்றாரொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடை கண்ணில் உள்ளது. விழித்திரையிலே கூம்பு, கோல் என இருவகைக் கலங்கள் உண்டென விஞ்ஞான ஆசிரியர் எமக்கு விளக்கினார். பகலில் நிறம் காண்பவை கூம்புகள். மங்கிய ஒளியில் உதவுபவை கோல்கள். கோல்களிலுள்ள நிறப்பொருள் வெளிச்சத்திற் சிதைந்துபோகும். இருளிலே சிறிது சிறிதாக மீள உண்டாகும். அதற்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். வாகனத்தின் முன்விளக்கிலிருந்து இறங்கியவன் வானத்தைப் பார்த்தால் ஐம்பது வெள்ளிகளைக் காண்பான். அரைமணி நேரம் இருட்டில் நடந்துவந்தவன் ஆயிரக்கணக்கில் காண்பான். அவன் நடந்த நடையே அவனுக்குத் தொலைநோக்கியாகின்றது. கைத்தொலைபேசியை ஒருவன் ஒருகணம் திறப்பானாயின் அருகிருந்த நால்வரின் அரைமணி நேரம் வீணாகும். ஆதலாற் புறப்படுமுன் தொலைபேசிகளையெல்லாம் பன்பையொன்றிற் சேர்த்துவிடுவோம். மின்சூள் இரண்டு மாத்திரம் வரும். அவற்றின் வாயிலே சிவப்புக் கடதாசி ஒட்டியிருப்போம். செவ்வொளி கோல்களை அதிகம் வருத்தாது. முதலிரு நடைகளில் மாணவர் பன்பையைச் சுற்றியே நடந்தனர் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும்.

வழிகாட்டி இன்றி இந்நடை இல்லை. வழிகாட்டி யாமல்லோம். குளத்தின்கீழ் வயல் செய்யும் எழுபதைக் கடந்த கமக்காரரொருவர் முன்னே செல்வார். காற்றின் வளத்தைக் கொண்டு யானையின் அணிமையை அறிபவர் அவர். கட்டின் எந்தத் துருசருகே பாம்பு குளிர்காய வரும், எங்கே மண் இளகியிருக்கும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். கட்டை விட்டு ஓரடியும் இறங்கலாகாது என்பது அவர் கட்டளை. மண்டையோட்டுக் குறி பொறித்த செம்பலகைகளைக் கண்டு வளர்ந்த நாட்டில் அக்கட்டளைக்கு விளக்கம் தேவையில்லை. அவர் இரவிற் கண்டவற்றை எந்நூலிலும் யாம் கற்றதில்லை.

முதல் நடையின்போது கார்த்திகையைச் சுட்டி, "இதனை ஆரல் என்றும் அறுமீன் என்றும் நம் முன்னோர் வழங்கினர்" என்று மாணவருக்கு யாம் சொல்லிக்கொண்டிருந்தோம். கமக்காரர் சற்றுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாஸ்ரர், உங்கட பொத்தகத்திலை உள்ள பேர் எனக்குத் தெரியாது. ஆனால் உந்தக் கூட்டம் எந்த மாசம் எந்த மரத்துக்கு மேலை நிக்கேக்கை என்ரை முறைத்தண்ணி முடியும் எண்டு தெரியும்" என்றார். சிறுபோகத்திலே வாய்க்கால் நீர் முறைவைத்து விடப்படும். சில வயல்களுக்கு முறை இரவில் வரும். கையில் மணிக்கூடு இல்லாத நாளில், ஒருவன் மதகைத் திறந்து மற்றவன் மூடுவதற்கு வானமே சான்று. அதிற் பிழைத்தால் அயலவனோடு வழக்கு. ஆகவே அவருக்கு வெள்ளி அழகுப் பொருளாக முதலில் அறிமுகமானதில்லை, கணக்காகவே அறிமுகமாயிற்று. சங்கச் சான்றோருள் ஒருவர் கணியன் என்னும் பெயர் பூண்டிருந்ததை மாணவர் அறிவர். கணியன் என்பான் காலத்தைக் கணிப்பவன். அன்று மாணவர் எம்மை விட்டு அவரைச் சூழ்ந்துகொண்டனர். அதில் எமக்கு மகிழ்ச்சியே.

நிற்க. 'வெள்ளி' என்றோம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வானத்திலுள்ள ஒளிப்புள்ளி எதுவாயினும் வெள்ளிதான். நூல்வழக்கிலே மீன். நிலையாக நிற்பதை நாண்மீன் என்றும் இடம்பெயர்வதைக் கோண்மீன் என்றும் பழந்தமிழர் பிரித்தறிந்தனர். குளத்தில் மீனும் வானத்தில் மீனும் ஒரே சொல்லாதலும், குளத்தின் கலிங்கை வன்னியார் 'வான்' என்றே வழங்குவதும், வகுப்பறையிற் சொன்னாற் சிலேடையாகவே தோன்றும். காற்றடங்கிய இரவிலே கட்டில் நின்று நீரை நோக்கினால் அச்சொற்கள் ஏன் ஒன்றாயின என்று கேட்கவே தோன்றாது.

எமக்கு மிக விருப்பமான நடை வைகாசிப் பிறப்பையொட்டி வருவது. காரணம் புறநானூற்றின் 229ஆம் பாட்டு. கூடலூர் கிழார் பங்குனித் திங்களில் ஓரிரவு வானிலிருந்து மீனொன்று எரிந்து வீழக் கண்டு, தம் அரசனுக்கு யாது நேருமோ என்று நெஞ்சு நடுங்குகின்றார். ஏழாம் நாள் அரசன் இறக்கின்றான். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்பது அவன் பெயர். அவ்விரவின் வானத்தைப் புலவர் ஒரு கணியனின் நுணுக்கத்தோடு குறித்துள்ளார். உச்சியிலிருந்த உத்தரம் சாய்கின்றது. அதற்கு எட்டாவதான மூலம் ஒருபுறம் எழுகின்றது. மற்றை எட்டாவதாகிய மிருகசீரிடம் எதிர்ப்புறம் இறங்குகின்றது. அனுடத்தை முடமான பனையென்றும் புனர்பூசத்தைக் குளமென்றும் அவர் பெயரிட்டழைக்கின்றார். இப்பாட்டின் உரையை யாமும் எமக்குக் கற்பித்தோரும் வரிவரியாக மனனஞ் செய்தோம். எந்த மீன் எதுவென்று கரும்பலகையில் வட்டமும் கீறினோம்.

விண்மீன்கள் நாடோறும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முந்தி உதிப்பன. திங்களொன்றுக்கு இரண்டு மணியாகும். எனவே பங்குனியின் நள்ளிரவு வானம் வைகாசிப் பிறப்பிலே எட்டரை மணியளவிற் கிட்டிவிடும். நள்ளிரவு வரை பிள்ளைகளை வைத்திருக்க வேண்டுவதில்லை. பாயிற் படுத்தபடி அப்பாட்டை ஒரு மாணவி சொன்னாள். ஏனையோர் மீன்களைத் தேடினர். தென்கிழக்கிலே, குளத்து நீருக்கு மேலே, வளைந்த பனை எழுந்துகொண்டிருந்தது. அதனை யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை. பனையோடு பிறந்த பிள்ளைகள் அல்லரோ! தலை அறுபட்டும் காய்ந்தும் நின்ற பனைகளைத் தம் ஊர்களிற் கண்டவர்களுக்கு வளைந்த பனையை இனங்காண்பது அரிதன்று. குளத்தைக் காண்பதற்குத்தான் நேரமெடுத்தது. வடமேற்கிலே தாழ்ந்து நின்ற புனர்பூசத்தை ஒருவன் கண்டுபிடித்து, "சேர், மேலையும் ஒரு குளம், கீழையும் ஒரு குளம்" என்று கூவினான். பரீட்சையிலே அவன் எத்தனை புள்ளி பெறுவானோ யாமறியோம். உரையாசிரியர் அங்கிருந்திருப்பின் அவனை அணைத்துக்கொண்டிருப்பார்.

வன்னி வானத்துக்குச் சிறப்பொன்று உண்டு. அதனைப் பிறநாடுகளில் வாழும் பழைய மாணவருக்காகவே எழுதுகின்றோம். துருவ மீன் ஓரிடத்தில் அடிவானுக்கு மேலே எத்தனை பாகையில் நிற்குமோ அத்தனை பாகையே அவ்விடத்தின் அகலக்கோடு. கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் முட்டியின் அகலம் ஏறக்குறையப் பத்துப் பாகை. கிளிநொச்சியிலே துருவன் ஒரு முட்டி உயரத்துக்கும் சிறிது குறைவாகவே நிற்கின்றான். இலண்டனில் ஐந்து முட்டி. ரொறன்ரோவில் நான்கு முட்டிக்கு மேல். அங்கே துருவன் உயர நிற்பதற்கு விலையாகத் தென்வானத்திற் பெரும்பகுதி அடிவானுக்குக் கீழே போய்விடுகின்றது. தென்சிலுவையை அவ்வூர்களில் என்றுமே காணவியலாது. இங்கே வைகாசி முன்னிரவிலே, கட்டில் நின்று வடக்கே திரும்பினால் ஏழு முனிவர். தெற்கே திரும்பினாற் குளத்துக்கு மேலே, இரு முட்டி உயரத்தில் தென்சிலுவை. தலையைத் திருப்பும் நேரத்தில் இரண்டையும் காணலாம். விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த பழைய மாணவரொருவர் சென்ற ஆண்டு எம்முடன் நடந்தார். பால்வீதியைக் கண்டு வெகுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "இது இங்கே நெடுகவும் இருந்ததோ?" என்று கேட்டார்.

ஏழு முனிவருள் வசிட்டரையும் அவரருகே அருந்ததியையும் காட்டும்போது சிரிப்புக்குப் பஞ்சமில்லை. நம் திருமணங்களிலே பட்டப்பகலில், மண்டபத்தின் வாயிலில் நின்று, குருக்கள் மேலே கைகாட்ட மணமக்கள் கூரைத் தகட்டைப் பார்த்துத் தலையாட்டுவதை எல்லோரும் கண்டிருப்பர். உடன்வந்த தம்பதியரொருவர், மணமாகிப் பத்தொன்பது ஆண்டின்பின் அன்றுதான் அருந்ததியைக் கண்டனர். "அப்போ இதுவரை செய்தது செல்லாதோ?" என்று கணவர் கேட்டார். மனைவியார் விடை கூறவில்லை.

இனி எழுதவேண்டியதை எழுதுகின்றோம். இருளென்றால் வன்னியில் ஒரு தலைமுறைக்கு வேறு பொருள் உண்டு. 1990களிலே பொருளாதாரத் தடை நிலவியபோது மின்சாரமில்லை. மின்சூளுக்கு வேண்டிய பற்றரியும் வன்னிக்குள் வரத் தடை. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயுமிட்டு எரித்த விளக்கிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். யாமும் அவ்விளக்கிற் படித்தோம். அந்நாளில் வானம் இன்றைக்கிருப்பதிலும் பன்மடங்கு தெளிவாயிருந்திருத்தல் வேண்டும். ஆயின் அண்ணாந்து நோக்கியவர் வெள்ளி பார்க்க நோக்கவில்லை. குண்டுவீச்சு விமானம் எத்திசையில் வருகின்றது, பரா வெளிச்சம் எங்கே தொங்குகின்றது என்றே நோக்கினர். இறுதி ஆண்டுகளிலே ஆளில்லா வேவு விமானமொன்று இரவும் பகலும் தலைக்குமேல் இரைந்துகொண்டிருக்கும். மக்கள் அதற்கு 'வண்டு' என்று பெயரிட்டனர். வண்டின் இரைச்சல் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் பதுங்குகுழியுள் இறங்குவர். இன்று உயர்தர வகுப்பில் இருப்போருட் பலர் 2008, 2009ஆம் ஆண்டுகளிற் பிறந்தோர். அவர்களைக் கைக்குழந்தைகளாகத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்களது பெற்றார். பிள்ளைகளுக்கு வானம் புதிது. பெற்றாருக்கு அது பழகிய பகை.

ஒரு நடையிலே, கட்டில் ஏறிச் சிறிது தூரம் சென்றிருந்தோம். மேற்கு வானத்தின் செம்மை முற்றாக மறைந்திருக்கவில்லை. தென்மேற்கிலிருந்து ஒளிப்புள்ளியொன்று மெதுவாக மேலேறி வந்தது. அது சர்வதேச விண்வெளி நிலையம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திலே, தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவது. விஞ்ஞான மாணவர் நேரம் பார்த்து வைத்திருந்தனர். கைதட்டி ஆரவாரித்தனர். எமக்கு அருகிலே மகளோடு வந்த தாயொருவர், மகளின் தோளைப் பற்றிக் கீழே அமர்த்தித் தாமும் அமர்ந்துவிட்டார். அவர் சிந்தித்துச் செய்ததாக எமக்குத் தோன்றவில்லை. கை தானே செய்தது. மகள், "அம்மா, அது ஸ்ரேசன். அதுக்குள்ளை ஆக்கள் இருக்கினம்" என்றாள். தாய் அண்ணாந்து பார்க்கவில்லை. காதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தின் பின், "சத்தம் ஒண்டும் கேக்கேல்லை, என்ன சேர்?" என்று எம்மைக் கேட்டார். "இல்லை, அதற்குச் சத்தம் இல்லை" என்றோம். அப்போதும் எழவில்லை. அது நடுவானைக் கடந்து பூமியின் நிழலுட் புகுந்து மங்கி மறைந்தது. அது மறைந்த இடத்தை அவர் நெடுநேரம் பார்த்திருந்தார். பின்பு எழுந்து சேலையிற் படிந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எல்லோரோடும் நடந்தார். அடுத்த நடைக்கும் வந்தார். அப்போது தம் தங்கையாரையும் அழைத்துவந்தார். அவ்விருவரும் வானத்தைப் பார்த்ததிலும் தம்முட் பேசியதே அதிகம். எதைப் பேசினரென்று யாம் கேட்கவில்லை.

மின்வெட்டின் நன்மையைப் பின்னர்க் கூறுவோமென்றோம். இரணைமடுக் கட்டில் நிற்பவருக்கு நீர் தெற்கே. கிளிநொச்சி நகரமும் கண்டி வீதியும் வடக்கே. துருவனோ வடக்கில், ஒரு முட்டி உயரத்தில், நகரத்தின் தலைக்கு நேரே நிற்பவன். 2022இல் நகரம் இருண்டிருந்தபோது அவனை எளிதிற் காட்டினோம். இப்போது நகரத்தின் ஒளிமூட்டம் அவனை மெல்ல மெல்ல மூடிவருகின்றது. சென்ற நடையிலே மாணவருட் பாதிப்பேருக்கு அவனைக் காட்ட இயலவில்லை. எவரும் வீட்டுக்கு ஒளி வந்ததைத் தவறென்று சொல்லார். "இருட்டிலை இருந்தது காணும் மாஸ்ரர். பிள்ளையள் வெளிச்சத்திலை படிக்கட்டும்" என்று கமக்காரர் எம்மை மறித்துக் கூறினார். அவர் கூற்று முற்றும் சரி. ஜாம் போத்தலிற் படித்தவர் எவரும் மறுத்துரைக்க மாட்டார்.

ஆயின் நிலத்துக்கென ஏற்றிய விளக்கு வானத்துக்கு ஏன் எரிய வேண்டும்? பெஞ்ச் காப்பகத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலே நூற்றுக்கு மேற்பட்ட தெருவிளக்குகளை நிலம் நோக்கி ஒளிரும்படி மாற்றினர். ஊர் இருளவில்லை, வழிநடப்போர் இடறவுமில்லை. மேலே சென்று வீணாகும் ஒளி மாத்திரம் நின்றது. விளக்கின்மீது ஒரு தகரமூடி கவிழ்த்தால் அதே மின்சாரத்தில் நிலத்துக்கு ஒளி கூடுமேயன்றிக் குறையாது. நீலக்கூறு மிகுந்த வெள்ளொளி வளியிற் கூடுதலாகச் சிதறும். மஞ்சள் சார்ந்த ஒளி அவ்வளவு சிதறாது. விளக்கு வாங்கும்போது ஒருமுறை கவனித்தாற் போதுமானது. பின்னர் மாற்றுவதற்கே செலவு.

எமது கல்லூரிக்குப் பழைய மாணவர் செய்துவரும் உதவிகளை யாம் நன்றியோடு நினைக்கின்றோம். விழாவையொட்டி விளையாட்டு மைதானத்துக்கு உயர்ந்த கம்பங்களிலே பேரொளி விளக்குகள் அமைப்பது பற்றிப் பேச்சு நடைபெறுவதாக அறிகின்றோம். பிள்ளைகள் மாலை வெயில் தணிந்தபின் விளையாடட்டும், அதனை வரவேற்கின்றோம். அவ்விளக்குகளுக்கு மூடி வைத்து, முகத்தை நிலம் நோக்கிச் சாய்த்து, ஆட்டம் முடிந்ததும் அணைக்கும் ஒழுங்கையும் உடன்செய்து தருமாறு சங்கத்தாரை இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கின்றோம். ஆலயங்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் விளக்கு அன்பளிக்கும் அன்பர்களும் இதனைக் கருத்திற் கொள்ளலாம். கணக்குப் பார்த்தால் மூடியின் விலை கம்பத்தின் விலையிற் சிறுபகுதிக்கும் வராது.

இவ்வாண்டு மழை ஓய்ந்ததும் நடை மீளத் தொடங்கும். ஊருக்கு வரும் பழைய மாணவர் முன்கூட்டியே அறிவித்தால் உடன்வரலாம். மூடிய பாதணி, ஒரு தடி, ஒரு போத்தல் தண்ணீர், பாய் ஆகியன கொண்டுவருக. வைகாசி நடைக்கு வருவோர் மெல்லிய போர்வையும் கொண்டுவருதல் நன்று. சோழகம் தொடங்கிவிட்டால் நீர்மேல் வரும் காற்று அயர்த்திவிடும். தொலைபேசி பன்பைக்குள்.

கல்லூரி முகப்பிலுள்ள நான்கு விளக்குகளை அமாவாசை இரவுகளிலே எட்டு மணிமுதல் பத்து மணிவரை அணைத்துவைக்க அதிபரவர்கள் இசைந்துள்ளார்கள். இரவுக் காவலாளர்தாம் இன்னும் இசையவில்லை. பின்வாயிற் படியிலே சென்ற மாதம் கண்ணாடி விரியன் கிடந்ததை அவர் கண்டிருக்கின்றார். நல்ல மின்சூளொன்று வாங்கிக் கொடுத்தால் யோசிக்கலாமென்றும், அதிற் சிவப்புக் கடதாசி ஒட்டலாகாதென்றும் கூறியுள்ளார்.